நாடுகளின் கடன் தர மதிப்பீடு: மூன்று எழுத்துகளுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது?

2010 ஏப்ரல் 27 அன்று, கடன் தரத்தை மதிப்பிடும் எஸ் அண்ட் பி நிறுவனம் கிரேக்கத்தின் கடன் தரத்தை ஒரே அறிவிப்பில் மூன்று படி கீழே இறக்கியது. ஏற்கெனவே உதவி கேட்டுக் கையேந்தி நின்ற அந்த நாடு, அடுத்த சில நாட்களிலேயே 11,000 கோடி யூரோ கடனுதவித் திட்டத்தையும் அதனோடு வந்த ஊதிய வெட்டு, ஓய்வூதிய வெட்டு நிபந்தனைகளையும் ஏற்றுக்கொண்டது.

2011 ஆகஸ்ட் 5 அன்று அதே நிறுவனம் அமெரிக்காவின் தரத்தை, வரலாற்றில் முதல் முறையாக, ஒரு படி இறக்கியது. அடுத்த திங்கட்கிழமை உலகெங்கும் பங்குச் சந்தைகள் சரிந்தன. பயந்துபோன முதலீட்டாளர்கள் பணத்தைப் பாதுகாப்பாக வைக்க இடம் தேடினார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தது அமெரிக்க அரசின் கடன் பத்திரங்களில்தான். அந்த நாடு கடனுக்குக் கொடுக்கும் வட்டி உயரவில்லை, குறைந்தது.

அறிவித்த நிறுவனம் ஒன்றுதான், அறிவிப்பின் வகையும் ஒன்றுதான். ஆனால் ஒரு நாட்டுக்குக் கடன் சந்தையின் கதவே அடைபட்டது; இன்னொரு நாட்டுக்குக் கடன் இன்னும் மலிவானது. இந்த முரண்பாடு எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால், தர மதிப்பீடு பற்றிய செய்திகளில் பாதிக்கு மேல் தெளிவாகிவிடும்.

## எதை அளக்கிறார்கள்?

ஓர் அரசு தன் வருவாயைவிட அதிகம் செலவழிக்கும்போது, குறையும் தொகையைக் கடன் பத்திரங்கள் வெளியிட்டுத் திரட்டுகிறது. பத்திரத்தை வாங்குபவருக்கு இருக்கும் கேள்வி ஒன்றுதான்: வட்டியும் அசலும் சொன்ன தேதியில், முழுமையாக வந்து சேருமா? இந்தக் கேள்விக்கு ஒரு நிறுவனம் எழுத்துகளால் சொல்லும் பதில்தான் இறையாண்மைக் கடன் தர மதிப்பீடு.

ஒரு நாடு எவ்வளவு பணக்கார நாடு, அதன் மக்கள் எவ்வளவு உழைப்பாளிகள், அதன் ஆட்சி எவ்வளவு நல்லது என்பதெல்லாம் இதில் நேரடியாக அளக்கப்படுவதில்லை. மிக வேகமாக வளரும் நாடு தாழ்ந்த தரத்தில் இருக்கலாம். வளர்ச்சியே இல்லாமல் தேங்கிய நாடு உயர்ந்த தரத்தில் இருக்கலாம்.

அரசுக்கும் தனியார் நிறுவனத்துக்கும் இடையே முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. நிறுவனம் கடனைக் கட்டாவிட்டால் நீதிமன்றம் அதன் சொத்தை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். ஒரு நாட்டை அப்படி ஏலம் விட முடியாது. ஆகவே அரசின் விஷயத்தில் திருப்பிக் கட்டும் திறனோடு, திருப்பிக் கட்டும் விருப்பத்தையும் எடை போட வேண்டியிருக்கிறது. அரசியல் இந்தக் கணக்குக்குள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான்.

செய்திகளில் அடிக்கடி வரும் சில சொற்களை முதலில் தெரிந்துகொள்வோம்.

1. தர ஏணி. எஸ் அண்ட் பி, ஃபிட்ச் ஆகியவற்றின் அளவுகோலில் உச்சப் படி ஏஏஏ. அதற்குக் கீழே ஏஏ, ஏ, பிபிபி, பிபி, பி, சிசிசி என்று இறங்கும். இடையில் பிளஸ், மைனஸ் குறிகள் உண்டு. கடனைக் கட்டத் தவறிய நிலை டி. மூடிஸ் எழுத்துகளோடு எண்களைச் சேர்த்து எழுதினாலும் படிகளின் பொருள் ஏறக்குறைய ஒன்றே.

2. முதலீட்டுத் தகுதி. பிபிபி மைனஸ் வரை உள்ள படிகள் முதலீட்டுக்குத் தகுந்தவை. அதற்கு அடுத்த படியான பிபி பிளஸ் தொடங்கிக் கீழே உள்ளவை ஊக வகை. சந்தையில் இவற்றைக் குப்பைப் பத்திரங்கள் என்றே சொல்கிறார்கள்.

3. கண்ணோட்டம். நேர்மறை, நிலையானது, எதிர்மறை என்று மூன்று வகை. தரம் இனி எந்தப் பக்கம் நகரக்கூடும் என்பதற்கான முன்னறிவிப்பு இது. கண்ணோட்டம் மாறினால் தரம் மாறிவிட்டது என்று பொருளில்லை.

4. உள்நாட்டு நாணயத் தரம், அந்நிய நாணயத் தரம். தன் சொந்த நாணயத்தில் வாங்கிய கடனை அடைக்க, கடைசி வழியாகவேனும் ஓர் அரசால் பணத்தை அச்சிட முடியும். டாலரை அச்சிட முடியாது. அதனால் ஒரே நாட்டுக்கு இரண்டு தரங்கள் கொடுக்கப்படுகின்றன.

## மதிப்பிடுவது யார், எப்படி?

எஸ் அண்ட் பி, மூடிஸ், ஃபிட்ச் ஆகிய மூன்று தனியார் நிறுவனங்களே உலக அளவில் இந்தத் தொழிலின் மிகப் பெரும் பகுதியைக் கையில் வைத்திருக்கின்றன. இவற்றின் வேர் அமெரிக்க ரயில் பாதைகளில் இருக்கிறது. எங்கோ தொலைவில் போடப்படும் ரயில் பாதைக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அந்த நிறுவனங்களைப் பற்றித் தகவல் தேவைப்பட்டது. 1860இல் ஹென்றி வார்னம் பூர் அந்தத் தகவல்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டார். 1909இல் ஜான் மூடி ஒரு படி மேலே போய், ரயில்வே பத்திரங்களுக்கு எழுத்துகளால் தரம் போடத் தொடங்கினார்.

அந்தக் காலத்தில் புத்தகத்தை வாங்கும் முதலீட்டாளரே பணம் கொடுத்தார். 1970களில் இது தலைகீழானது. பத்திரத்தை வெளியிடுபவரே தன்னை மதிப்பிடும் நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தும் முறை வந்தது. இந்த ஏற்பாட்டின் ஆபத்து 2008 நிதி நெருக்கடியில் வெளிப்பட்டது. ஏஏஏ தரம் பெற்றிருந்த அமெரிக்க வீட்டுக்கடன் சார்ந்த பத்திரங்கள் பெருமளவில் மதிப்பிழந்தன. அது தொடர்பான வழக்குகளில் எஸ் அண்ட் பி 2015இல் சுமார் 137 கோடி டாலரும், மூடிஸ் 2017இல் சுமார் 86 கோடி டாலரும் செலுத்தச் சம்மதித்தன. அரசுகளில் சில கட்டணம் செலுத்துகின்றன. அமெரிக்காவைப் போன்றவை கேட்காமலேயே மதிப்பிடப்படுகின்றன.

மதிப்பிடும் முறையில் எண்களும் உண்டு, மனித முடிவும் உண்டு. எஸ் அண்ட் பி ஐந்து தூண்களைப் பார்க்கிறது: அரசு அமைப்புகளின் உறுதி, பொருளாதாரம், வெளிநாட்டுக் கணக்கு, அரசின் வரவு செலவும் கடனும், நாணயக் கொள்கை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை மதிப்பெண். ஃபிட்ச் 18 மாறிகள் கொண்ட கணித மாதிரியில் தொடங்குகிறது. அதன் விடையை அதன் குழு மூன்று படி வரை மேலோ கீழோ நகர்த்தலாம்.

சர்ச்சை பிறப்பது இங்கேதான். நிர்வாகத் தரம், சட்டத்தின் ஆட்சி போன்றவற்றைக் கருத்துக் கணிப்பு சார்ந்த குறியீடுகளால் அளக்கிறார்கள். தனிநபர் வருமானத்துக்கும் பெரிய எடை தருகிறார்கள். இந்த இரண்டிலும் ஏழை நாடுகள் தொடக்கத்திலேயே பின்தங்கிவிடுகின்றன. உலகின் ஐந்தாவது பெரிய பொருளாதாரமாக இருந்த நாடுகளில் முதலீட்டுத் தகுதியின் கடைசிப் படியில் வைக்கப்பட்டது இந்தியா மட்டுமே என்று இந்தியாவின் 2020-21 பொருளாதார ஆய்வறிக்கை நேரடியாகவே குற்றம் சாட்டியது. கடனைக் கட்டத் தவறியதே இல்லை என்பது இந்தியா எப்போதும் முன்வைக்கும் வாதம். மறுபக்கத்தில், மத்திய அரசின் வருவாயில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போய்விடுகிறது என்ற உண்மையும் இருக்கிறது. எஸ் அண்ட் பி இந்தியாவைப் பிபிபி படிக்கு உயர்த்தியது 2025 ஆகஸ்டில். அதற்கு முந்தைய உயர்வு 2007இல். என் பார்வையில் இந்தியாவின் புகாரில் நியாயம் உண்டு, ஆனால் வட்டிச் சுமை என்ற கேள்விக்கு அந்தப் புகார் பதிலாகாது.

## வலிமை விதிகளில் இருக்கிறது

மதிப்பீட்டு நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்வது, நாங்கள் சொல்வது வெறும் கருத்து என்பதே. சட்டத்தின் கண்ணிலும் பெரும்பாலும் அது கருத்துதான். அப்படியானால் ஒரு கருத்து எப்படிக் கோடிக்கணக்கான டாலரை ஒரே வாரத்தில் இடம் பெயர்க்கிறது? அந்தக் கருத்தை மற்றவர்கள் தங்கள் விதிப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார்கள். விளைவுகள் அனைத்தும் அங்கிருந்தே கிளம்புகின்றன.

1. நிதி நிறுவனங்களின் உள்விதி. பல ஓய்வூதிய நிதிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் முதலீட்டுத் தகுதியுள்ள பத்திரங்களை மட்டுமே வைத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டவை. தரம் பிபிபி மைனஸ் என்ற கோட்டைத் தாண்டிக் கீழே விழுந்தால், மேலாளருக்கு அந்த நாட்டின் மீது நம்பிக்கை இருந்தாலும் விற்றாக வேண்டும்.

2. பத்திரக் குறியீடுகள். எந்தெந்தப் பத்திரங்களை வாங்குவது என்று நிதிகள் பார்த்துப் பின்பற்றும் பட்டியல்கள் இவை. தென் ஆப்பிரிக்காவுக்கு முதலீட்டுத் தகுதி கொடுத்திருந்த கடைசிப் பெரிய நிறுவனமாக மூடிஸ் இருந்தது. 2020 மார்ச் 27 அன்று அதுவும் தரத்தைக் குறைத்தது. கொரோனா பெருந்தொற்றுக்காக அந்த நாட்டில் ஊரடங்கு தொடங்கிய நாள் அது. உலக அரசுப் பத்திரக் குறியீடு ஒன்றிலிருந்து தென் ஆப்பிரிக்கா நீக்கப்பட்டது. அந்தக் குறியீட்டைப் பின்பற்றும் நிதிகள் தாமாகவே வெளியேறின.

3. வங்கி மூலதனம். வங்கிகளுக்கான சர்வதேச விதிமுறையான பேசல் விதிமுறையின் வழக்கமான அட்டவணைப்படி ஏஏஏ முதல் ஏஏ மைனஸ் வரையுள்ள அரசுப் பத்திரங்களுக்கு இடர் எடை பூஜ்யம். ஏ வகைக்கு 20 சதவீதம், பிபிபி வகைக்கு 50 சதவீதம், பிபி, பி வகைகளுக்கு 100 சதவீதம், அதற்கும் கீழே 150 சதவீதம். எடை கூடக்கூட அந்தப் பத்திரத்தை வைத்திருக்க வங்கி அதிக மூலதனத்தை ஒதுக்க வேண்டும். தன் சொந்த அரசின் பத்திரங்களுக்குச் சலுகை கொடுக்க ஒவ்வொரு நாட்டுக்கும் உரிமை உண்டு. வெளிநாட்டு வங்கிக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

4. மத்திய வங்கியின் அடமானம். ஐரோப்பிய மத்திய வங்கியில் வணிக வங்கிகள் பத்திரங்களை அடமானம் வைத்துப் பணம் பெறுகின்றன. அடமானத்துக்குக் குறைந்தபட்சத் தரம் தேவை. கிரேக்கத்தின் தரம் சரிந்தபோது அந்த நாட்டின் வங்கி அமைப்பே மூச்சுத் திணறும் நிலை வந்தது. 2010 மே 3 அன்று ஐரோப்பிய மத்திய வங்கி, கிரேக்கப் பத்திரங்களுக்கு மட்டும் அந்த விதியை நிறுத்திவைத்தது. விதி எவ்வளவு ஆபத்தானது என்பதை விதியை எழுதியவர்களே ஒப்புக்கொண்ட தருணம் அது.

5. நாட்டின் உச்சவரம்பு. ஒரு நாட்டிலுள்ள நிறுவனமோ வங்கியோ பெரும்பாலும் அந்த நாட்டின் தரத்தைத் தாண்டி மதிப்பிடப்படுவதில்லை. அரசின் தரம் இறங்கினால், நன்றாக நடக்கும் நிறுவனங்களும் சேர்ந்தே இறங்குகின்றன.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். அமெரிக்கா ஏஏஏ படியிலிருந்து ஏஏ பிளஸ் படிக்கு இறங்கியது. மேலே உள்ள அட்டவணையில் இரண்டும் ஒரே பெட்டியில், பூஜ்யம் என்ற எடையில் இருக்கின்றன. எந்த விதியும் விழித்துக்கொள்ளவில்லை. கடனெல்லாம் அமெரிக்காவின் சொந்த நாணயத்தில் இருக்கிறது. அந்த நாணயம் உலகின் சேமிப்பு நாணயமாகவும் இருக்கிறது. அதன் பத்திரங்களுக்கு மாற்றாக அத்தனை பெரிய சந்தை வேறெங்கும் இல்லை. கிரேக்கம் பிபிபி பிளஸ் படியிலிருந்து பிபி பிளஸ் படிக்கு, அதாவது கோட்டுக்கு மேலிருந்து கீழே விழுந்தது. அதன் கடன் யூரோவில் இருந்தது. யூரோவை அச்சிடும் அதிகாரம் ஏதென்ஸிடம் இல்லை.

ஃபிட்ச் 2023 ஆகஸ்டிலும் மூடிஸ் 2025 மே மாதத்திலும் அமெரிக்காவின் உச்சத் தரத்தை எடுத்தபோதும் உலகம் கவிழ்ந்துவிடாததற்குக் காரணம் இதுதான். ஆகவே எத்தனை படி இறங்கியது என்பதைவிட எந்தக் கோட்டைத் தாண்டியது என்று கேட்பதே பொருத்தமானது.

## மக்களிடம் எப்படி வந்து சேர்கிறது?

ஒரு தவறான புரிதலை முதலில் களைய வேண்டும். தரம் குறைந்தால் பழைய கடனுக்கான வட்டி உடனே உயர்ந்துவிடாது. நிலையான வட்டியில் ஏற்கெனவே விற்ற பத்திரங்களுக்கு அதே வட்டிதான். புதிதாக வாங்கும் கடனும், முதிர்ந்த கடனை அடைக்க மீண்டும் வாங்கும் கடனும்தான் விலை ஏறுகின்றன.

ஒரு கணக்குக்காக, ஒரு நாடு ஓராண்டில் 1,000 கோடி டாலரைப் பத்தாண்டுப் பத்திரங்களாகத் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2 சதவீதப் புள்ளி கூடினால் ஆண்டுக்கு 20 கோடி டாலர் கூடுதல் செலவு. பத்து ஆண்டுகளில் 200 கோடி டாலர். ஓராண்டுக் கடனுக்கே இவ்வளவு. அடுத்த ஆண்டும் அதே நிலை என்றால் இன்னொரு 200 கோடி சேரும். இந்தப் பணம் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போயிருக்க வேண்டிய பணம். கடன் வாங்கும் முடிவில் எந்தப் பங்கும் இல்லாதவர்களே அதை இழக்கிறார்கள்.

இலங்கையின் அனுபவத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அதில் தர மதிப்பீட்டின் இரண்டு முகங்களும் தெரிகின்றன. 2007இல் இலங்கை முதல் முறையாகச் சர்வதேசச் சந்தையில் 50 கோடி டாலர் பத்திரம் வெளியிட்டது. அதற்குப் பிறகு சலுகைக் கடன்களின் இடத்தைச் சந்தைக் கடன் படிப்படியாகப் பிடித்தது. சலுகைக் கடனில் வட்டி குறைவு, காலம் அதிகம். சந்தைப் பத்திரம் முதிரும்போது அசல் முழுவதையும் ஒரே நாளில் டாலராகக் கொடுக்க வேண்டும். வழக்கமாக, புதுப் பத்திரம் விற்றுப் பழையதை அடைப்பார்கள். சந்தை திறந்திருக்கும் வரைதான் இந்தச் சக்கரம் சுழலும்.

2019 இறுதியில் மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசின் வருவாய் சரிந்தது. பெருந்தொற்றில் சுற்றுலா வருமானமும் நின்றது. 2020 முடிவதற்குள் மூன்று நிறுவனங்களும் இலங்கையைச் சிசிசி மட்டத்துக்குத் தள்ளின. அரசு அந்த முடிவுகளை நியாயமற்றவை என்று மறுத்தது. சந்தை அடைபட்ட நிலையில், மருந்துக்கும் எரிபொருளுக்கும் வேண்டிய அந்நியச் செலாவணிக் கையிருப்பை எடுத்துப் பத்திரங்களை அடைத்தது. 2022 ஜனவரியில்கூட 50 கோடி டாலர் கொடுக்கப்பட்டது. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை நிறுத்துவதாக அறிவிப்பு வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நகரின் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது.

மதிப்பீட்டு நிறுவனங்கள் சொன்னது தவறா? இல்லை, கணிப்பு சரியாகவே இருந்தது. அந்தக் கணிப்பே கடைசிக் கதவையும் மூடியதா? ஆம், அதுவும் நடந்தது. இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பேசுகிற எந்த விளக்கமும் பாதி விளக்கம்தான். தரக்குறைப்பை எச்சரிக்கையாக ஏற்று 2020இலேயே கடன் மறுசீரமைப்புப் பேச்சைத் தொடங்கியிருந்தால், அந்தக் கையிருப்பில் ஒரு பகுதியாவது மருந்தாகியிருக்கும் என்பதே என் உறுதியான எண்ணம்.

## அரசியலில் மதிப்பீடு

தர மதிப்பீடு அரசியலைப் பாதிக்கிறது. அரசியலும் தர மதிப்பீட்டைப் பாதிக்கிறது. தென் ஆப்பிரிக்காவில் 2017 மார்ச் இறுதியில் அதிபர் ஜேக்கப் ஜூமா, நிதியமைச்சர் பிரவின் கோர்தனைப் பதவியிலிருந்து நீக்கினார். ஏப்ரல் 3 அன்றே எஸ் அண்ட் பி அந்த நாட்டின் அந்நிய நாணயத் தரத்தை முதலீட்டுத் தகுதிக்குக் கீழே இறக்கியது. பொருளாதார எண்கள் அந்த நான்கு நாட்களில் மாறிவிடவில்லை. கொள்கை தொடருமா என்ற ஐயம்தான் மாறியது.

பிரேசிலில் 2015இல் தில்மா ரூசெப் அரசு அடுத்த ஆண்டுக்குப் பற்றாக்குறை பட்ஜெட்டைத் தாக்கல் செய்தது. சில நாட்களில், செப்டம்பர் 9 அன்று, நாடு முதலீட்டுத் தகுதியை இழந்தது. சிக்கனத்தை வலியுறுத்திய நிதியமைச்சர் ஜோவாக்கிம் லெவி டிசம்பரில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு அதிபரே பதவி நீக்கப்பட்டார். ரூசெப்பின் வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. ஆனால் எதிர்ப்பாளர்கள் கையில் தரக்குறைப்பு ஓர் அத்தாட்சிப் பத்திரமாகிவிட்டது.

தரத்தைக் காப்பாற்றுவதையே கொள்கையின் அளவுகோலாக வைப்பதும் ஆபத்து. பிரிட்டன் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன், ஏஏஏ தரத்தைக் காப்பது தன் சிக்கனக் கொள்கையின் இலக்கு என்று முன்னிறுத்தியிருந்தார். 2013 பிப்ரவரியில் மூடிஸ் அதைப் பறித்தது. முக்கியக் காரணங்களில் ஒன்று மந்தமான வளர்ச்சி. செலவைக் குறைத்தால் வளர்ச்சி குறைகிறது, வளர்ச்சி குறைந்தால் தரம் குறைகிறது என்ற சுழலுக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஏழை நாடுகளின் விஷயத்தில் இந்த அச்சம் உயிர்களோடு விளையாடுகிறது. 2020இல் ஜி20 நாடுகள் கடன் தவணைகளைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் திட்டத்தை அறிவித்தன. தகுதி பெற்ற 73 நாடுகளில் 48 மட்டுமே சேர்ந்தன. சேர்ந்தால் தரம் குறையுமோ என்ற பயம் தயக்கத்துக்கு ஒரு காரணம். எத்தியோப்பியா, பாகிஸ்தான், கேமரூன் போன்ற நாடுகள் நிவாரணம் கேட்டதும் மூடிஸ் அவற்றின் தரத்தை மறுஆய்வுக்கு எடுத்தது. கென்யா முதலில் ஒதுங்கி நின்று, 2021 ஜனவரியில்தான் சேர்ந்தது. பெருந்தொற்றின் நடுவில், கிடைக்கும் நிவாரணத்தை ஒரு நாடு வேண்டாம் என்று சொல்ல வைக்கும் அளவுகோலில் அடிப்படையிலேயே ஏதோ பிழை இருக்கிறது. ஆப்பிரிக்க ஒன்றியம் தனக்கென்று ஒரு தர மதிப்பீட்டு நிறுவனத்தை உருவாக்க முயல்வதன் பின்னணியில் இந்த ஆதங்கம் இருக்கிறது.

ஐரோப்பிய ஒன்றியம் சில கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்திருக்கிறது. அரசுகளின் தர அறிவிப்புகள் முன்கூட்டியே வெளியிட்ட நாட்காட்டிப்படி, வெள்ளிக்கிழமை சந்தை முடிந்த பிறகு வர வேண்டும். தேர்தலுக்கு நடுவே, நெருக்கடியின் உச்சத்தில், திடீரென்று அறிவிப்பு விழுவதைத் தடுக்கும் நோக்கம் இது. அமெரிக்கா 2010இல் கொண்டுவந்த டாட்-ஃபிராங்க் சட்டம், அரசு ஒழுங்குமுறைகளில் தர மதிப்பீட்டைச் சார்ந்திருக்கும் இடங்களை நீக்கச் சொன்னது. நோயின் வேரைத் தொட்டது இந்த இரண்டாவது வழி. ஆனால் தனியார் நிதிகளின் உள்விதிகளை அது தொடவில்லை.

## இவர்கள் தவறுவதில்லையா?

தவறுகிறார்கள். 2011இல் எஸ் அண்ட் பி அமெரிக்கக் கடன் கணிப்பில் 2 லட்சம் கோடி டாலர் பிழை செய்திருந்ததை அமெரிக்க நிதித் துறை சுட்டிக்காட்டியது. நிறுவனம் கணக்கைத் திருத்தியது, முடிவைத் திருத்தவில்லை. அரசியல் முட்டுக்கட்டையே முதன்மைக் காரணம் என்று விளக்கம் சொன்னது.

அதைவிடப் பெரிய குறை, தாமதமாக விழித்து வேகமாக ஓடுவது. 1997 அக்டோபரில் தென் கொரியாவின் தரம் ஏஏ மைனஸ். ஆசிய நிதி நெருக்கடி வெடித்த பிறகு, அதே டிசம்பர் 22க்குள் எஸ் அண்ட் பி அதைப் பி பிளஸ் வரை, பத்துப் படிகள் இறக்கியது. ஒரு நாட்டின் தொழிற்சாலைகளும் மக்களின் திறனும் இரண்டு மாதங்களில் அப்படி மாறிவிட முடியாது. புயல் வருகிறது என்று சொல்ல வேண்டியவர்கள், புயல் அடிக்கும்போது கூரையைப் பிரித்தார்கள்.

## அடுத்த முறை செய்தி வரும்போது

1. மாறியது தரமா, கண்ணோட்டமா?
2. பிபிபி மைனஸ் என்ற கோடு தாண்டப்பட்டதா? ஏற்கெனவே வேறொரு நிறுவனம் தாண்டிவிட்டதா? முதல் நிறுவனம் இறக்குவதைவிடக் கடைசி நிறுவனம் இறக்குவது சில நேரங்களில் அதிகம் வலிக்கும்.
3. கடன் எந்த நாணயத்தில் இருக்கிறது? யார் கையில் இருக்கிறது? ஜப்பானின் அரசுக் கடன் அதன் ஓராண்டு உற்பத்தியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் அது யென்னில் இருக்கிறது, பெரும்பகுதி உள்நாட்டினர் கையில் இருக்கிறது.
4. அடுத்த இரண்டு ஆண்டுகளில் எவ்வளவு கடன் முதிர்கிறது? மொத்தக் கடனைவிட இந்த எண்ணே உடனடி ஆபத்தைக் காட்டும்.
5. சந்தை ஏற்கெனவே என்ன சொல்லிக்கொண்டிருந்தது? பத்திரங்களின் வட்டி பல மாதங்களாக ஏறிக்கொண்டிருந்தால், தரக்குறைப்பு புதிய செய்தியே இல்லை.
6. திரும்பி ஏற எவ்வளவு காலம் ஆகும்? கிரேக்கத்துக்கு எஸ் அண்ட் பி மீண்டும் முதலீட்டுத் தகுதி கொடுத்தது 2023 அக்டோபரில், பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. தென் கொரியா 1999 தொடக்கத்திலேயே கோட்டுக்கு மேலே வந்துவிட்டது. ஆனால் இரண்டு மாதங்களில் இழந்த ஏஏ மைனஸ் தரத்தை எஸ் அண்ட் பியிடமிருந்து திரும்பப் பெற 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.